சாவுக்கு வரும் ஆண்கள் நோய்க்கு ஏன் வருவதில்லை?

எங்கள் பகுதியில் ஒரு சாவு விழுந்தால் அரைமணி நேரத்தில் ஆண்கள் கூடிவிடுகிறார்கள். ஒருவர் பந்தலுக்குச் சொல்லப் போவார். ஒருவர் தெருவில் பணம் வசூலிப்பார். ஃபிரீசர் பெட்டி எடுத்துவர நான்கு பேர், மாலை வாங்க இரண்டு பேர், உறவுக்காரர்களுக்குப் போன் போட ஒருவர், குழி வெட்ட ஆறு பேர். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. வேலை தானாகவே பிரிந்துகொள்ளும். பறை ஒலிக்கத் தொடங்கும்போது தெருவே ஆண்களால் நிறைந்திருக்கும்.

அந்தச் சாவுக்கு முந்தைய எட்டு மாதங்களில் அந்த வீட்டுக்குள் எத்தனை ஆண்கள் போய்வந்தார்கள் என்று நாம் யாராவது கணக்கெடுத்திருக்கிறோமா?

சென்ற ஆண்டு நாங்கள் வாரந்தோறும் போய்வந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனி வீடு. செங்கல் சூளையிலும் பிறகு நெல் மண்டியிலும் உழைத்த மனிதர். வயது 52. வாய்ப்புற்று. இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூக்கு வழியாக ஒரு குழாய், அதில்தான் கஞ்சித் தண்ணீர். கன்னத்துப் புண்ணில் நாற்றம். நூறு நாள் வேலைக்குப் போகும் மனைவியும், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த மகளும்தான் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். மகள் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். இரண்டு பெண்கள் சேர்ந்தும் அவரைச் சரியாகத் திருப்பிப் படுக்கவைக்க முடியவில்லை. மகள் துடைத்துவிட வந்தால் கையைத் தட்டிவிடுவார். வேட்டியை இறுகப் பிடித்துக்கொள்வார். பேச முடியாத மனிதர் தன் கூச்சத்தை வேறு எப்படிச் சொல்வார்? அதனால் பல இரவுகள் ஈரத்திலேயே கிடந்தார். இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண் வந்தது. எலும்பு தெரியுமளவுக்குப் போனது.

அவர் இறந்த அன்று நாங்களும் போயிருந்தோம். அறுபது, எழுபது ஆண்கள் இருந்தார்கள். அவரோடு மண்டியில் மூட்டை தூக்கியவர்கள், 75 கிலோ மூட்டையைத் தனியாளாகத் தோளில் ஏற்றுகிறவர்கள். எங்கள் குழுவில் ஒருவர் பொறுமையிழந்து அவர்களில் ஒருவரிடம் கேட்டேவிட்டார்: "ஏண்ணா, இவ்ளோ பேர் இருக்கீங்க. உயிரோட இருந்தப்போ மொறை வச்சு தெனம் ரெண்டு பேர் வந்து பொரட்டிப் போட்டிருந்தா இந்தப் புண்ணு வந்திருக்குமா?"

அவர் கோபப்படவில்லை. "யாரும் சொல்லலியே தோழர். சொல்லியிருந்தா வந்திருப்போம். பொம்பளைங்க பாத்துக்கறாங்கன்னு இருந்துட்டோம்" என்றார்.

முதலில் அதைச் சமாளிப்பு என்றுதான் நினைத்தோம். திரும்பி வந்து எங்கள் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தோம். எட்டு மாதத்தில் மனைவியிடம் பேசியிருக்கிறோம், மகளிடம் பேசியிருக்கிறோம், பக்கத்து வீட்டு அக்காவிடம் "கொஞ்சம் கூடமாட பாத்துக்குங்க" என்று சொல்லியிருக்கிறோம். ஓர் ஆணிடமும் ஒரு வேலையும் கேட்டதாக எங்கும் இல்லை. எங்களில் சிலர் சமூகவியல் முதுகலை படித்தவர்கள். மேடைதோறும் ஆணாதிக்கம் பற்றிப் பேசுகிறவர்கள். ஆனால் நோயாளியின் படுக்கை என்று வந்தவுடன் எங்கள் கண்களும் பெண்களைத்தான் தேடியிருக்கின்றன.

இந்தக் கட்டுரை அந்தக் குறிப்பேட்டிலிருந்து தொடங்குகிறது.

எது இந்தச் சிகிச்சை?

பாலியேட்டிவ் கேர் என்பதை அரசு 'நோய் ஆதரவுச் சிகிச்சை' என்கிறது. குணமாகாத நோயோடு வாழ்கிறவரின் வலியைக் குறைப்பது, புண்ணைக் கவனிப்பது, மூச்சுத் திணறலையும் வாந்தியையும் தூக்கமின்மையையும் தணிப்பது, அவருடைய பயத்தையும் குடும்பத்தின் களைப்பையும் காதுகொடுத்துக் கேட்பது, எல்லாம் சேர்ந்ததுதான் அது. சாகப்போகிற கடைசி நாட்களுக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பக்கவாதத்தில் படுத்தவர், சிறுநீரகம் செயலிழந்தவர், தண்டுவடம் முறிந்து கட்டிலோடு கிடக்கும் கொத்தனார், எல்லோருக்கும் இது தேவை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது. கிடைப்பதோ சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான். இந்தியாவின் கதை இன்னும் கசப்பானது. மருந்துக்காகச் சட்டப்படி கசகசாச் செடி பயிரிட்டு அபின் எடுக்கும் வெகுசில நாடுகளில் நம் நாடும் ஒன்று. அந்த அபினிலிருந்துதான் மார்ஃபின் வருகிறது. ஆனால் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால் ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைத்துக்கொள்ளவே பயந்தன. 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. விலை மலிவான மாத்திரை அது. கூலி வேலை செய்து வாய்ப்புற்றில் விழுகிற மனிதனுக்கு அது எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பதை எங்கள் காலனிகளில் வந்து பார்த்தால் தெரியும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வர வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல திட்டம். குறைகள் இருந்தாலும் எங்கள் நோயாளிகள் பலருக்கு அது கைகொடுத்திருக்கிறது. ஆனால் அந்தத் திட்டத்தில் வீடு வீடாக நடக்கிறவர்கள் யார்? மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள். சொற்ப ஊக்கத்தொகைக்கு வெயிலில் நடக்கும் நம் அக்காமார்கள். பராமரிப்பு என்றால் பெண் என்பதை வீடு முடிவு செய்கிறது, பிறகு அரசும் அதையே எழுதிக்கொள்கிறது.

மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதைத் தெளிவாகக் காட்டியது. வீட்டில் உள்ளவர்களைக் கூலியில்லாமல் பராமரிக்கும் வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 27.6 சதவீதம், ஆண்கள் 14 சதவீதம். அப்படி ஈடுபட்ட பெண்கள் நாளுக்குச் சராசரியாக 134 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 76 நிமிடம். சமையல், துவைத்தல் போன்ற வீட்டு வேலையைச் செய்தவர்கள் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். கல்லூரியை நிறுத்திய அந்த மகளின் வாழ்க்கையும் இந்தச் சராசரிக்குள்தான் எங்கோ இருக்கிறது.

ஆண்கள் எதற்கு?

"பெண்களே நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களே, ஆண்களை ஏன் வலிந்து இழுக்க வேண்டும்?" என்று எங்களைக் கேட்கிறார்கள். மூன்று காரணங்கள் சொல்கிறோம்.

ஒன்று, நோயாளியின் மானம். எங்களிடம் வரும் நோயாளிகளில் பாதிக்குமேல் ஆண்கள். சிறுநீர்க் குழாய் போட்ட இடத்தைச் சுத்தம் செய்யும்போதும், டயப்பர் மாற்றும்போதும், மகள், மருமகள், பக்கத்து வீட்டுப் பெண் கையால் அது நடப்பதை அவர்களில் பலர் சாவைவிடப் பெரிய அவமானமாக நினைக்கிறார்கள். அந்தக் கூச்சம் ஆணாதிக்கச் சமூகம் கற்றுக்கொடுத்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் சாகக் கிடக்கிறவருக்குப் பாடம் எடுப்பது எங்கள் வேலையல்ல. ஓர் ஆண் கை இருந்தால் அவர் இன்று சுத்தமாகத் தூங்குவார். எங்களுக்கு அது போதும்.

இரண்டு, பெண்களின் உடம்பு. கட்டிலில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். கழிப்பறைக்குத் தூக்கிப்போக வேண்டும். இராத்திரி விழித்திருக்க வேண்டும். எங்கள் நோயாளிகளின் மனைவிமார்களில் இடுப்பு வலி இல்லாத ஒருவரை நாங்கள் பார்த்ததில்லை. பகலில் களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போனால்தான் அடுப்பு எரியும். வாரத்தில் இரண்டு மணி நேரம் ஓர் ஆண் வந்து உட்கார்ந்தால், அவர் ரேஷன் கடைக்குப் போய்வரலாம், தலைக்குக் குளிக்கலாம், ஒரு மணி நேரம் கண்ணயரலாம்.

மூன்று, ஆண்களுக்கே இது தேவை. மண்டியில் வேலை செய்த அந்த நண்பர்கள் ஏன் வீட்டுக்குள் வரவில்லை என்று பிறகு நிதானமாகப் பேசிப் பார்த்தோம். வந்தால் என்ன பேசுவதென்று தெரியவில்லை என்றார்கள். முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது என்றார் ஒருவர். ஒருநாள் வாசல்வரை வந்துவிட்டு டாஸ்மாக் போய்விட்டேன் என்றார் இன்னொருவர். துக்கத்தைக் கையாள நம் ஆண்களுக்குச் சமூகம் கொடுத்திருப்பது ஒரு குவார்ட்டர் பாட்டிலும் சாவு ஊர்வலத்தில் ஒரு ஆட்டமும்தான். உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்கவே இல்லை.

'இதுவும் நம் தலையிலா?'

இந்த யோசனையை முதன்முதலாக எங்கள் தோழர்கள் கூட்டத்தில் வைத்தபோது ஒரு மூத்த தோழர் எழுந்தார். "பாடை தூக்கினோம், குழி வெட்டினோம், பறையடிச்சோம், சாவுச் சேதி சொல்ல ஊர் ஊரா ஓடினோம். அதையெல்லாம் விடணும்னுதான் இயக்கத்துக்கே வந்தோம். இப்ப பீ மூத்திரம் அள்ளவும் எங்க பசங்கதானா? அதுக்கு சேவைன்னு ஒரு பேரு வேற!" என்றார்.

கூட்டம் அமைதியாகிவிட்டது. இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டு இந்தத் தளத்தில் எதையும் எழுத எங்களுக்கு உரிமையில்லை.

சாவோடு தொடர்புடைய வேலைகள் தலித் ஆண்கள்மீது பிறப்பால் சுமத்தப்பட்டவை. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் மகர் வத்தன் முறையை மாற்ற மசோதா கொண்டுவந்தது இதற்காகத்தான். சாவுச் சேதி கொண்டுபோவது உட்பட ஊர் வேலைகளை அற்பக் கூலிக்குத் தலைமுறை தலைமுறையாகச் செய்யவைத்து, அதற்கு 'உரிமை' என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்று ஆஸ்பத்திரிகளில் கழிவைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் சாதியைக் கேட்டுப் பாருங்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டம் போட்ட பிறகும் மலக்குழியில் சாகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். 'சேவை' என்ற சொல் நம் மக்களிடம் எப்போதும் கூலியைப் பறிக்கத்தான் வந்திருக்கிறது. அந்தத் தோழரின் கோபம் நியாயமானது.

ஆனாலும் நாங்கள் ஆண்களைக் கேட்பதைத் தொடர்கிறோம். ஏனென்றால் பாடை தூக்கச் சொன்னவர்கள் செத்த பிறகுதான் நம்மைக் கூப்பிட்டார்கள். உயிரோடு இருக்கும் நோயாளியின் கட்டிலருகே நம்மை விட்டதில்லை. இன்னொரு பக்கம், கட்டிலில் கிடக்கும் நம் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் யாரும் வரப்போவதில்லை. நம் மனிதரை நாம் பார்த்துக்கொள்வது வெட்டியான் வேலை ஆகாது. பிறப்பால் கட்டளையிடப்பட்ட வேலையும், சமமானவர்கள் முறைவைத்து ஒருவருக்கொருவர் செய்வதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கலாம். முறை எல்லோருக்கும் வருகிறதா, 'மாட்டேன்' என்று சொல்ல முடிகிறதா, இந்த இரண்டையும் கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

முறை எல்லோருக்கும் வர வேண்டுமென்றால் ஊர்த்தெரு ஆண்களின் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும். எங்கள் தொண்டர் பட்டியல் காலனி இளைஞர்களால் மட்டும் நிரம்பினால், நாங்கள் புதுப் பெயரில் பழைய வேலையைத்தான் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

நாங்கள் செய்த தவறு

இதை எழுத எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வெறும் பேச்சு.

ஊர்த்தெருவில் ஒரு நோயாளி. பக்கவாதம், வயது எழுபதுக்கு மேல். எங்கள் தொண்டர்களில் ஒருவர், ஐடிஐ படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலனிப் பையன், இரண்டு வாரம் போய் அவரைக் குளிப்பாட்டி, கைகால்களுக்குப் பயிற்சி கொடுத்து வந்தான். மூன்றாவது வாரம் அந்த வீட்டார் அவனிடம், "தம்பி, நீ யாரு ஊட்டுப் புள்ள?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் தன் தெருவைச் சொல்லியிருக்கிறான். அன்று டீ காகிதக் கப்பில் வந்தது. அதுவரை டம்ளரில் வந்த டீ. அன்று மாலையே எங்களுக்குப் போன்: "வேற யாராச்சும் அனுப்ப முடியுமா சார்? அப்பா சங்கடப்படறாரு."

நாங்கள் அனுப்பினோம். நோயாளிதான் முக்கியம், பெரியவருக்குப் புண் வந்துவிடக் கூடாது, சிகிச்சை தடைபடக் கூடாது என்று எங்களுக்கு நாங்களே நியாயம் சொல்லிக்கொண்டு, வேறு சாதித் தொண்டர் ஒருவரை அனுப்பிவைத்தோம். அந்தப் பையனிடம் "உனக்கு வேற வீடு தர்றோம்பா" என்றோம். அவன் தலையாட்டினான். அடுத்த வாரத்திலிருந்து வருவதை நிறுத்திவிட்டான். போன் எடுக்கவில்லை.

அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது என்று பயிற்சி வகுப்பு எடுக்கிறவர்கள் நாங்கள். எங்கள் கையாலேயே ஒரு வீட்டுக்குத் தீண்டாமையைச் சேவையாக வழங்கியிருக்கிறோம். காகிதக் கப்பைக் கொடுத்தது அந்த வீடு. அதற்கு ஒப்புதல் கொடுத்தது நாங்கள்.

இரண்டு மாதம் கழித்து அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். "நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க" என்றான். அவன் திரும்பி வரவில்லை. வர வேண்டுமென்று எதிர்பார்க்கவும் எங்களுக்கு உரிமையில்லை.

அதன்பிறகு ஒரு விதி வைத்தோம். எந்த வீட்டுக்கும் முதல்முறை போகும்போதே சொல்லிவிடுகிறோம்: எங்கள் தொண்டர்கள் எல்லாத் தெருவிலிருந்தும் வருவார்கள், சாதி பார்த்து ஆளை மாற்ற மாட்டோம். மருந்தும் அரசு செவிலியர் வருகையும் யாருக்கும் நிற்காது, அது நோயாளியின் உரிமை. ஆனால் தொண்டர் வேண்டுமென்றால் வருகிற தொண்டர்தான். இதைச் சொன்ன பிறகு இரண்டு வீடுகள் எங்களை வேண்டாமென்றன. அந்த இரண்டு நோயாளிகளை நினைத்தால் மனசு உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் விதியை மாற்றவில்லை.

எப்படிக் கேட்பது?

கேரளத்தில் இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர்.ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் மற்றவர்களும் சேர்ந்து வலி மற்றும் நோய் ஆதரவுச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2001 வாக்கில் அது மலப்புரம் மாவட்டத்தில் 'அக்கம்பக்கத்தார் வலையமைப்பு' என்ற வடிவம் எடுத்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுக்க முடிந்த யாரும் வரலாம், பயிற்சி தருவோம் என்றார்கள். மருத்துவரை மையமாக வைக்காமல் தெருவை மையமாக வைத்தார்கள். 2008இல் நோய் ஆதரவுச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை அறிவித்த முதல் இந்திய மாநிலமானது கேரளம். பிறகு உள்ளாட்சி அமைப்புகளே வீட்டுப் பராமரிப்பை ஏற்று நடத்தும் நிலை வந்தது. அதை அப்படியே இங்கே நகலெடுக்க முடியாது. நம் ஊரில் அக்கம்பக்கம் என்பதே சாதியால் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டது. ஆனால் 'இரண்டு மணி நேரம்' என்ற அந்தச் சிறிய கணக்கை எடுத்துக்கொள்ளலாம்.

கடந்த ஓராண்டில் நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறோம்.

'தன்னார்வலர்கள் தேவை' என்று நோட்டீஸ் ஒட்டினோம். பெண்கள் மட்டுமே வந்தார்கள். பிறகு ஆட்டோ ஸ்டாண்டுக்கும் கபடிக் குழுவிடமும் அம்பேத்கர் மன்றத்துக்கும் பறைக் குழுவிடமும் ஓய்வுபெற்ற போக்குவரத்துத் தொழிலாளர்களிடமும் நேரில் போய், பெயர் சொல்லிக் கேட்டோம். ஆண்கள் வந்தார்கள். 'சேவை செய்யுங்கள்' என்று கேட்டால் நழுவுகிறவர்கள், 'ஞாயிறு காலை பத்து மணிக்கு இன்னார் வீட்டில் அவரைத் தூக்கி வெயிலில் உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டும்' என்று கேட்டால் வருகிறார்கள். ஆட்டோக்காரரிடம் முதலில் ஆட்டோவைத்தான் கேட்டோம், ஆஸ்பத்திரிக்கு ஒரு சவாரி. மூன்றாவது சவாரியில் அவரே உள்ளே வந்து நோயாளியைத் தூக்கினார்.

யாரையும் தனியாக அனுப்புவதில்லை. இரண்டு பேராகத்தான் போக வேண்டும், ஒருவர் பழையவர். பெண் நோயாளிகள், குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆண்கள் மட்டும் போவதில்லை. குடித்துவிட்டு வந்தால் அன்று வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறோம், மறுபடி நடந்தால் பெயரை எடுத்துவிடுகிறோம். அந்த வீட்டில் பார்த்ததை டீக்கடையில் பேசக் கூடாது. நாட்டு வைத்தியம், பரிகாரம், 'நம்பிக்கையா இருங்க' போன்ற அறிவுரை கூடாது. கை கழுவுவது, கையுறை போடுவது, முதுகை ஒடித்துக்கொள்ளாமல் தூக்குவது, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது, எதைத் தொடாமல் செவிலியரைக் கூப்பிட வேண்டும் என்பது, இவற்றைச் சொல்லித்தர நேரம் ஒதுக்குகிறோம். எல்லாவற்றையும்விடக் கடினமான பாடம், சும்மா உட்கார்ந்திருப்பது. நம் ஆண்களுக்கு ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும்.

பஸ் செலவை நாங்கள் கொடுத்துவிடுகிறோம். தினக்கூலிக்காரரின் வேலை நாளைக் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய இடத்தில் தொண்டர்களை அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுகிறோம். கழிவு சுத்தம் செய்வது, தூக்குவது, பேசிக்கொண்டிருப்பது எல்லாமே எல்லோருக்கும் முறைவைத்து வரும். படித்தவர் பேசவும் படிக்காதவர் துடைக்கவும் என்று பிரிக்க விடுவதில்லை. பிரிக்க விட்டால் ஒரே மாதத்தில் அது சாதிப்படி பிரிந்துவிடும் என்பதைப் பார்த்திருக்கிறோம்.

ஒரு நோயாளி இறந்த பிறகு அந்த வீட்டுக்குப் போன ஆண்களைக் கூட்டி டீ குடிக்கவைத்துப் பேசவைக்கிறோம். முதலில் பத்து நிமிடம் கிரிக்கெட், அரசியல். பிறகு யாராவது ஒருவர் தொடங்குவார். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் அவர்கள் அடுத்த வீட்டுக்கு வர மாட்டார்கள்.

இன்று எங்கள் பட்டியலில் 26 பேர். அதில் ஆண்கள் 11 பேர். அந்த 11 பேரில் ஊர்த்தெருவிலிருந்து வருகிறவர்கள் 3 பேர். இது போதாது. ஆனால் அந்த மூவரில் ஒருவர், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், வாரந்தோறும் காலனியில் ஒரு நோயாளிக்கு முகச்சவரம் செய்துவிடுகிறார். எங்கள் பகுதியில் சலூன்களில் காலனிக்காரர்களுக்கு முடிவெட்ட மறுத்ததை நேரில் பார்த்தவர்களுக்கு இது எத்தனை பெரிய விஷயமென்று தெரியும். அதற்காக அவருக்குள் சாதி ஒழிந்துவிட்டது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அவர் மகளுக்கு எந்தச் சாதியில் மாப்பிள்ளை தேடுகிறார் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் வாரம் ஒருமுறை அவர் விரல்கள் அந்தக் கன்னத்தைத் தொடுகின்றன.

இயக்கங்களிடம் ஒரு வேண்டுகோள்

அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' 1957இல், அவர் மறைந்த அடுத்த ஆண்டு, வெளிவந்தது. அதில் ஒரு நிகழ்ச்சி உண்டு. வயிற்றுப்போக்கில் ஒரு பிக்கு தன் கழிவிலேயே கிடக்கிறார். மற்ற பிக்குகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. அங்கே வந்த புத்தர், ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, இருவருமாக அவரைக் கழுவித் தூக்கிப் படுக்கவைக்கிறார்கள். பிறகு சங்கத்தைக் கூட்டி, உங்களை நீங்களே கவனித்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள் என்ற பொருளில் பேசுகிறார். இரண்டு ஆண்கள், ஒரு நோயாளி ஆண், ஒரு பாத்திரம் தண்ணீர். ஆண்டுதோறும் டிசம்பர் 6 அன்று மாலை போடுகிறோம், ஏப்ரல் 14 அன்று பைக் ஊர்வலம் போகிறோம். இந்த நிகழ்ச்சியை நம் மன்றங்களில் எத்தனை பேர் எடுத்துப் பேசியிருக்கிறோம்?

ஒவ்வொரு அம்பேத்கர் மன்றத்திலும் இரவுப் பள்ளி இருந்தது போல, நூலகம் இருந்தது போல, ஒரு பராமரிப்புக் குழு இருக்கட்டும். ஆண்கள் அதில் இருக்கட்டும். அரசிடமும் கேட்போம்: மக்களைத் தேடி மருத்துவத்தில் ஆண்களையும் எடுங்கள், அங்கே நடக்கும் பெண்களுக்கு உரிய ஊதியம் கொடுங்கள், வட்டார மருத்துவமனைகளில் மார்ஃபின் மாத்திரை தட்டுப்பாடின்றி இருக்க வழி செய்யுங்கள். அரசு செய்யும்வரை நம் தெருவில் கிடக்கிறவர் காத்திருக்க மாட்டார்.

"சொல்லியிருந்தா வந்திருப்போம்" என்று சொன்ன அந்த மண்டித் தொழிலாளி இப்போது எங்களோடு வருகிறார். ஞாயிறு காலை, இரண்டு மணி நேரம். முதல் நாள் நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது உள்ளே நுழையும்போதே "என்ன மாமா, ராத்திரி தூங்குனீங்களா?" என்று கேட்கிறார். மூட்டையை எப்படித் தோளுக்கு ஏற்றுவது என்று தெரிந்த அவருக்கு, மனிதரை எப்படி வலிக்காமல் தூக்குவது என்று சொல்லிக்கொடுக்க எங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த மகளும் மறுபடி கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். ஓர் ஆண்டு பின்தங்கி.

உங்கள் தெருவிலும் இப்போது யாரோ ஒருவர் படுத்திருக்கிறார். அவர் யாரென்று உங்களுக்கே தெரியும். யாரும் சொல்லவில்லை என்று இனி நீங்கள் சொல்ல முடியாது. நாங்கள் சொல்லிவிட்டோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள்.